நாய்க்குட்டி ‘கழிப்பறைப் பயிற்சிப் பெட்டி’: 7,900 ரூபாயில் உருப்பட்டது மணி மட்டும்தான்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். 7,900 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கிய பெட்டியில் வேலைக்கு உதவியது மூன்று மணி கோத்த ஒரு நாடா மட்டும்தான், அதுவும் ஆறாவது வாரத்தில் துருப்பிடித்துவிட்டது. மிச்சமெல்லாம் சும்மா என்றுகூடச் சொல்ல மாட்டேன். சும்மாவாக இருந்திருந்தால் பரவாயில்லை, இரண்டு வாரம் எங்களைப் பின்னுக்கு இழுத்தது.

பெட்டிக்குள் இருந்தவை: சலம் (சிறுநீர்) உறிஞ்சும் விரிப்பு 30 (எல்லோரும் பேட் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்), ‘இங்கே போ’ என்று நாய்க்கு மணத்தால் சொல்லும் ஒரு ஸ்பிரே போத்தல், கதவில் தொங்கவிடும் மணி நாடா, ஒரு மடிப்புத் தாள். தாளில் ஆங்கிலமும் சீனமும் மட்டும். கொழும்பிலிருந்து கூரியரில் திருகோணமலைக்கு வர ஐந்து நாள் ஆனது, கட்டணம் தனி.

எங்கள் வீடு டைக் வீதிப் பக்கம், கடற்கரைக்கு இரண்டு நிமிட நடை. பழைய வீடு, உள்ளே சிவப்புச் சீமெந்துத் தரை, முன்னால் ஒரு துண்டு சீமெந்து முற்றம், பின்னால் மணல் வளவு, அதில் ஒரு வேம்பும் முருங்கையும் அம்மாவின் செவ்வரத்தை வரிசையும். குட்டி வந்தது ஆடி மாதக் கடைசியில். பெயர் கச்சான். கச்சான் காற்று அள்ளி வீசிய நாளில் வந்ததால் அந்தப் பெயர் என்று இவர் சொல்வார், வறுத்த கச்சான் (நிலக்கடலை) நிறம் என்பதால்தான் நான் வைத்தேன் என்று மகள் சண்டைக்கு வருவாள். தாய் டாஷண்ட், தகப்பன் யாரென்று தெரியாது. நீட்டு உடம்பு, கட்டைக் கால், வரும்போது வயது ஒன்பது வாரம், நிறை ஒன்றரைக் கிலோ.

சின்ன நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பெரிய நாய்க்குட்டி வீட்டுக்குள் சலம் போனால் அன்றைக்கே வீடு முழுக்கத் தெரிந்துவிடும், அன்றைக்கே ஏதாவது செய்வீர்கள். இது போனால் ஒரு மேசைக்கரண்டி அளவுதான், கதிரைக் காலுக்குப் பின்னால் காய்ந்தும் போய்விடும், நாங்களும் ‘சின்னன்தானே’ என்று விட்டுவிடுவோம். சின்ன இன நாய்கள் படிக்காது என்று ஒரு கெட்ட பெயர் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் ‘சின்னன்தானே’தான் என்பது என் கருத்து. மற்றப் பாதி உடம்பு: சலப்பை சின்னது, அடிக்கடி நிறையும். குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை வருகிறதோ அத்தனை மணித்தியாலம்தான் அது அடக்கும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம். அதுவும் படுத்திருக்கும்போதுதான், ஓடி விளையாடும்போது எங்களுக்கு அரை மணித்தியாலமே கிடைத்தது.

சரி, பேட். சமையலறை மூலையில் விரித்தேன். முதல் நாள் அதில்தான் போனது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் கால்மிதியில். நான்காம் நாள் சாமியறையில் அம்மா இருந்து தேவாரம் படிக்கும் பாயில். அதற்குப் பிறகு மகள் கழற்றிப் போட்ட பள்ளிக்கூடச் சட்டையில். யோசித்துப் பார்த்தால் குட்டியில் பிழையே இல்லை, நாங்கள் சொல்லிக் கொடுத்ததை வடிவாகப் படித்திருக்கிறது: காலுக்குக் கீழே மெத்தென்று துணி மாதிரி எது பட்டாலும் அதுதான் கக்கூசு. நாய்கள் இடத்தை மட்டும் அல்ல, காலடியில் படும் தரையையும் சேர்த்துத்தான் பழகுகின்றன, சின்ன வயதில் பழகிய தரையை வளர்ந்த பிறகும் தேடும். வெளியே மண்ணில் போக வேண்டிய குட்டிக்கு வீட்டுக்குள் பஞ்சில் போகப் பழக்கிவிட்டு, பிறகு அதை மறக்கடித்து மண்ணுக்குப் பழக்குவது இரண்டு வேலை. தாளில் ‘பேடை நாளுக்குக் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள்’ என்று இருந்தது. நகர்த்தினேன். பேட் நகர்ந்தது, குட்டி பழைய மூலையிலேயே போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் முளைக்கும் குட்டி இந்தப் பேடைக் கிழிக்கும். உள்ளே இருப்பது குழந்தைகளின் அரைத்துணிப் பேடில் இருக்கும் அதே உறிஞ்சும் தூள், நீர் பட்டால் பலமடங்கு ஊதி வழுவழுவென்று ஆகிவிடும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மண்டபம் முழுக்க ஜவ்வரிசிப் பாயசம் கொட்டினதுபோலக் கிடக்கிறது, நடுவில் கச்சான். கொஞ்சம் நக்கியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, நிறைய விழுங்கினால் வயிற்றில் அடைத்துக்கொள்ளலாம் என்று மிருக வைத்தியர் சொன்னார். பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஸ்பிரேக்கு அதிகம் எழுத மாட்டேன். அமோனியாவும் பழைய கருவாடும் கலந்த மணம். வேம்படியில் அடித்தால் அது வேம்படியை விட்டு ஓடியது. அடித்த என் கையை மட்டும் நக்கப் பார்த்தது, ஏனென்று இன்னும் விளங்கவில்லை. இதைவிட நல்ல ஸ்பிரே குட்டியிடமே இருக்கிறது: அது வீட்டுக்குள் போன சலத்தை ஒரு பேப்பர் துண்டில் ஒற்றி எடுத்து வெளியே போக வேண்டிய இடத்தில் மண்ணில் புதைத்து வையுங்கள், அடுத்த முறை அங்கே கொண்டுபோனால் மணந்து பார்த்துவிட்டு அங்கேயே போகும். எங்களுக்கு இரண்டாம் நாளே வேலை செய்தது, காசும் இல்லை.

மணம் என்றதும் தரையைக் கழுவுவதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பெட்டியில் கட்டாயம் இருந்திருக்க வேண்டியதும் இல்லாததும் அதுதான். சலத்தில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது, எங்கள் மூக்குக்குப் போய்விட்டது, நாயின் மூக்குக்கு அப்படியே இருக்கும், திரும்பவும் அதே இடத்துக்கு வரும். அதை உடைப்பதற்கு என்சைம் சேர்த்த துப்புரவுத் திரவம் வேண்டும். அமோனியா சேர்ந்த எதையும் தொடக்கூடாது, சலத்தின் மணமே கிட்டத்தட்ட அதுதான், நீங்களே அழைப்பிதழ் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். அம்மா பாதிக்குப் பாதி வினாகிரியும் தண்ணீரும் கலந்து துடைத்தார், மணம் குறைந்தது, ஆனால் ஐம்பது வருடச் சிவப்புச் சீமெந்தின் பொலிஷ் அந்த இடங்களில் மங்கிப்போய்விட்டது. சீமெந்துக்கு அமிலம் ஆகாது என்று எனக்கு முதலே தோன்றியிருக்க வேண்டும்.

இனி மணி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

யோசனை எளிமையானது. கதவில் மணி தொங்கும், வெளியே போகவேண்டுமென்றால் நாய் மூக்கால் தட்டும், நீங்கள் திறப்பீர்கள். தாளில் ‘மணியைத் தொங்கவிடுங்கள், உங்கள் நாய் விரைவில் பழகும்’ என்று ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. பழகாது. நாடா மேல்நாட்டுக் கதவுப் பிடிக்கு அளந்து செய்தது, ஆகக் கீழே தொங்கிய மணியே என் முழங்காலளவில் நின்றது, கச்சானின் மூக்கோ தரையிலிருந்து ஒரு சாண். வெட்டி, பின்கதவின் கீழ்த் தாழ்ப்பாளில் கட்டினேன். முதல் மூன்று நாள் அது அந்தச் சத்தத்துக்கே பயந்து மேசைக்குக் கீழே போய்விட்டது. பிறகு மணிக்குப் பின்னால் அவித்த நெத்தலித் துண்டு ஒன்றை வைத்துப் பிடித்தேன் (உப்பில்லாமல் அவித்த பச்சை நெத்தலி, கருவாடு அல்ல, ஒன்றரைக் கிலோ நாய்க்குக் கருவாட்டு உப்பு அதிகம்). மூக்குப் பட்டது, மணி அடித்தது, கதவு திறந்தது, மீன் கிடைத்தது. அன்றைக்கே விஷயம் விளங்கிவிட்டது அதற்கு.

விளங்கியது பிழையாக. மணி அடித்தால் மீன், மணி அடித்தால் வளவில் ஓட்டம். ஒரு சனிக்கிழமை ஒரு மணித்தியாலத்தில் 14 முறை அடித்தது, மகள் கொப்பியில் கோடு போட்டு எண்ணினாள். அம்மா பாவம், முழங்கால் நோவோடு எழும்பி எழும்பித் திறந்தார். “பிள்ளை, இது நாயைப் பழக்கிறதோ, என்னைப் பழக்கிறதோ?” என்று கேட்டார்.

ஒருநாள் பொறுமையாக இருந்து எல்லாவற்றையும் மாற்றினேன். மணி அடித்தால் நான் வருவேன், ஆனால் பட்டியைப் போட்டு, நேரே வேம்படிக்கு, அங்கேயே நிற்பது, மூன்று நிமிடம். விளையாட்டு இல்லை, கதை இல்லை, தொலைபேசியும் இல்லை. போனால் அந்த இடத்திலேயே, போய் முடித்த மறுகணமே மீன், அதற்குப் பிறகு பட்டியைக் கழற்றி வளவில் ஓட்டம். போகாவிட்டால் பேசாமல் உள்ளே, பத்து நிமிடம் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்துவிட்டு மறுபடி. மீனை உள்ளே வந்த பிறகு கொடுத்தால் ‘உள்ளே வந்ததற்கு மீன்’ என்றுதான் அதற்குப் படும், இந்த ஒன்றிலேயே நான் ஒரு வாரம் வீணாக்கினேன். ஒரு சொல்லும் வையுங்கள். நாங்கள் வைத்தது ‘ஒண்டுக்கு’. அது போய்க்கொண்டிருக்கும்போது மெல்லச் சொன்னால் காணும், பிறகு சொல்லைக் கேட்டே போகத் தொடங்கும்.

அதோடு மணியை மட்டும் நம்பி இருக்கவில்லை, நித்திரையால் எழும்பியவுடன், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், விளையாடி முடித்தவுடன் என்று நாங்களாகவே மணியை அதன் மூக்கால் தட்டவைத்து வெளியே கொண்டுபோனோம். சாப்பாடு வயிற்றில் விழுந்தால் குடல் அசையத் தொடங்கும், மனிதக் குழந்தைக்கும் அப்படித்தான். இரவில் படுக்கை ஒரு பிளாஸ்டிக் பழப்பெட்டி, திரும்பிப் படுக்க மட்டும் இடம். படுக்கிற இடத்தை நாய் இயல்பாகவே அழுக்காக்காது, பெட்டி பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போய்விடும். 11 மணிக்கு இவர், 2 மணிக்கு நான், 5 மணிக்கு எப்படியும் எழும்புகிற அம்மா. மூன்றாவது வாரம் 2 மணி முறையை விட்டுவிட்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா “மூக்கை அதில தேய்ச்சு விடுங்கோ, ரெண்டு நாளில படிச்சிடும்” என்றார். பொய் சொல்லவில்லை, ஒருமுறை செய்தேன். அது படித்தது இதைத்தான்: இவளுக்கு முன்னால் போகக்கூடாது. அடுத்த இரண்டு நாளும் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துப் போனது, வெளியே நான் பக்கத்தில் நின்றால் போகவே மாட்டேன் என்று நின்றது. அதைத் திருத்த ஒரு கிலோ நெத்தலி செலவு.

இப்போது திருகோணமலைக்காரருக்கு மட்டும் சில விஷயம், பெட்டி செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆவணி வெயிலில் மத்தியானம் முன் முற்றத்துச் சீமெந்தில் நான் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ண முடியவில்லை, அதில் குட்டியை இறக்கினால் ஒரு காலைத் தூக்கி மறு காலைத் தூக்கி உள்ளே ஓடி வந்துவிடும், வந்து உள்ளே போகும். அது அடம் இல்லை, பாதம் சுடுகிறது. பின்கதவால் வேம்பு நிழலுக்கு மாறிய பிறகுதான் பகல் நேரப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது மான். வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்கள், இங்கே பிரட்றிக் கோட்டைக்குள் மட்டும் அல்ல, டவுனுக்குள்ளும் புள்ளிமான் உலாவும், கேற் திறந்து கிடந்தால் வளவுக்குள்ளும் வரும். இரவில் வந்து அம்மாவின் செவ்வரத்தையைத் தின்றுவிட்டு வேம்படியில் புழுக்கை போட்டுவிட்டுப் போய்விடும். காலையில் கச்சானுக்கு அது பெருநாள். போக வந்த காரியம் மறந்து, மணந்து, உருண்டு, கொஞ்சம் தின்றும் பார்க்கும். மூன்று நிமிட விதியெல்லாம் அங்கே உடைந்துவிடும். இப்போது 5 மணிக்கு முதலில் அம்மா விளக்குமாற்றோடு போவார், பிறகுதான் நாய்.

தெருவுக்குக் கொண்டுபோவதைப் பற்றியும் தாள் பிழையாகச் சொல்கிறது. ‘முதல் நாளிலிருந்தே வெளியே புல் உள்ள இடத்துக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். தடுப்பூசி முடியாத குட்டியை ஊர் நாய்கள் திரியும் இடத்தில் மண்ணில் விடவேண்டாம் என்று மிருக வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூடக் கிடக்கும், நோய் வெளிப்பட்டால் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடக்கூடும். ஊசிகள் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய 16 வாரம் வரை போகும். அதுவரை எங்களுக்கு வளவுதான். அதற்குப் பிறகு பின்னேரங்களில் டச்சுக்குடாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், ஆனால் பொலித்தீன் பை இல்லாமல் போவதில்லை. நாய் மலத்தில் உள்ள உருண்டைப்புழு முட்டை மணலில் தங்கும், அதே மணலில்தான் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிறார்கள். சின்ன நாய்தானே என்று காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிற ஒருவரை வாரத்துக்கு ஒருமுறையாவது காண்கிறேன், எரிச்சல்.

(இடையில் ஒரு கதை. 2013இல் செக், ஜேர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு வருடம் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்குத் தெற்காக உடம்பை வைத்து மலம் கழிக்க விரும்புகின்றன என்று எழுதினார்கள். அடுத்த வருடம் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. மகள் திசையறிகருவியோடு ஒரு கிழமை வேம்படியில் நின்றாள். கச்சான் எந்தப் பக்கம் சமையலறையோ அந்தப் பக்கம் பார்த்தபடிதான்.)

ஐப்பசிக் கடைசியில் எல்லாம் சரி என்று நினைத்தேன், கார்த்திகையில் வாடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு சாண் உயர நாய்க்கு நான்கு விரல் தண்ணீர் என்றால் வயிறு நனைகிறது, மணியை அடிக்கும், கதவைத் திறந்தால் மழையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், திரும்பிப் போய் மேசைக்குக் கீழே தன் பாட்டில் சலம் போய்விடும். வேம்படியில் இரண்டு கல்லடுக்கி மேலே ஒரு தகரத் துண்டு போட்டு, கீழே உலர்ந்த மணல் ஒரு மூட்டை கொட்டினோம். குடையோடு நானும் போய் நிற்கவேண்டும், வேறு வழியில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் பேடுக்கு ஒரு நியாயம் இருக்கலாம் என்று யோசித்து ஒன்றைத் தகரத்துக்குக் கீழே விரித்தேன், ஊறிப் பொங்கிப் படலை வரை மிதந்து போனது.

மணிகள் அதே கார்த்திகைக்கு முதலே போய்விட்டன. ‘துருப்பிடிக்காத உருக்கு’ என்று பெட்டியில் இருந்தது, கடற்காற்றில் ஆறாவது வாரம் செம்மண் நிறம், ஏழாவது வாரம் உள்ளே குண்டு ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லை. அந்த நேரம்தான் வீட்டுக்குள் மறுபடி இரண்டு விபத்து: நாய் மணியைத் தட்டியிருக்கிறது, எங்களுக்குக் கேட்கவில்லை. விற்றவர்களுக்கு எழுதினேன், நாய் நக்கியதால் துருப்பிடித்திருக்கும், அது உத்தரவாதத்துக்குள் வராது என்று பதில். மகளின் பழைய பரதச் சலங்கையிலிருந்து ஐந்து பித்தளை மணியை எடுத்து அதே நாடாவில் தைத்தேன். இன்று வரை கணீரென்று இருக்கிறது. சலங்கை வாங்கும்போது வெடிப்பு ஒடுக்கமான மணியாகப் பாருங்கள், அகன்ற பிளவு என்றால் நகம் மாட்டிக்கொள்ளும்.

ஒரு பக்க விளைவை விற்பவர் யாரும் சொல்வதில்லை. அம்மா சாமியறையில் கைமணி அடித்தால் கச்சான் பின்கதவுக்கு ஓடி நிற்கும். கர்ப்பூரம் எரிந்துகொண்டிருக்க அம்மாவுக்கு அதைக் கவனிக்கவும் முடியாது, விடவும் முடியாது. இப்போது அம்மா பூசைக்கு முதல் நாயைக் கொண்டுபோய்விட்டு வந்துதான் விளக்கேற்றுகிறார். பாண் (ரொட்டி) விற்று வரும் ஓட்டோவின் பாட்டுக்கு ஓடுவதில்லை, அது என்னவென்று அதற்குத் தெரியும்.

இரண்டு விஷயத்தை மணியால் திருத்த முடியாது. கொழும்பு மாமா வந்து குனிந்து தலையைத் தடவினால் சந்தோஷத்தில் அவர் காலிலேயே போய்விடும். அது பழக்கப் பிழை இல்லை, பயமும் பணிவும் கலந்த குட்டிக் குணம், ஏசினால் கூடும், கவனிக்காமல் விட்டால் வளர வளரக் குறையும். எங்களுக்குக் குறைந்திருக்கிறது, மாமாவும் செருப்போடு வரப் பழகிவிட்டார். மற்றது, ஒழுங்காகப் பழகிய நாய் திடீரென்று அடிக்கடி உள்ளே போகத் தொடங்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால், பயிற்சியைத் திரும்பத் தொடங்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், சலப்பை அழற்சியாக இருக்கலாம்.

மணிக்கு ஐந்துக்கு மூன்றரை, துருவுக்காக ஒன்றரையைப் பிடித்துக்கொண்டேன். பேடுக்கு ஒன்று. வளவே இல்லாத மாடி வீட்டில் இருப்பவர்கள், நடக்க ஏலாத வயதானவர்கள் வைத்திருக்கும் நாய் என்றால் அது வேறு கதை, அவர்களுக்கு அது தேவைப்படும். ஸ்பிரேக்குப் பூச்சியம். முழுப்பெட்டியாக வாங்கவேண்டாம், ஐந்து சலங்கை மணி, ஒரு நாடா, கால் கிலோ நெத்தலி, ஒரு போத்தல் என்சைம் திரவம் என்று தனித்தனியாக வாங்கினால் அந்தக் காசில் பாதியும் வராது.

எங்களிடம் பேட் 11 மிச்சம் இருக்கிறது, பிரிக்காதது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், ஆனால் ஸ்பிரே போத்தலையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.